பரண் மேல் கிடக்கும் மைக் செட்: எடைக்குப் போடலாமா?

மதுரையில் இருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. அங்கே ஒரு வீட்டின் பரண் மேல் ஒரு பெட்டி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகரப் பெட்டி. தூசி படிந்த பெட்டி. முன்பக்கம் நாலைந்து திருகுகள். தூக்கிப் பார்த்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு கனம்!

"இது என்ன ஆச்சி?" என்று பேரன் கேட்கிறான்.

"உங்க தாத்தாவோட ஆம்ப்ளிபயர்டா. மைக் செட் வச்சிருந்தார்ல" என்கிறாள் பாட்டி.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் பெட்டி கீழே இறங்குகிறது. அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரர் தெருவில் வருகிறார். பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார். தராசை எடுக்கிறார்.

"தகரமும் இரும்பும்தான் ஆச்சி. உள்ளே கொஞ்சம் செம்பு இருக்கும். கிலோக் கணக்குத்தான்" என்கிறார்.

அவர் பேரில் குற்றம் இல்லை. இரும்பு தெரியும், செம்பு தெரியும். தெரிந்ததைச் சொல்கிறார். ஆனால் அவர் போன மறுநாளே மதுரையில் இருந்து ஒரு கல்லூரி மாணவன் பஸ் ஏறி வந்து, "பழைய வால்வு ஆம்ப்ளிபயர் இருக்கா அம்மா?" என்று கேட்டால் என்ன செய்வது?

இப்படிக் கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மைக் செட் வைத்துப் பிழைக்க வரவில்லை. கித்தார் வாசிக்க வருகிறார்கள்!

பழைய வால்வு ஆம்ப்ளிபயரை எடைக்குப் போடுவது தவறு. "லட்ச ரூபாய் பெறும்" என்று நம்பிப் பூட்டி வைப்பதும் தவறு. மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்குகிறவரும் விலை பேசக் கூடாது, விற்கிறவரும் விலை சொல்லக் கூடாது. திறந்து பார்த்தால் என்ன தெரியும்? அதற்கு முன் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

வேப்ப மரத்தில் குழாய்

ஒரு காலத்தில் கல்யாண வீட்டுக்கு அடையாளம் என்ன? வாழை மரம் என்பீர்கள். அது இரண்டாவது அடையாளம். முதல் அடையாளம், வேப்ப மர உச்சியில் கட்டிய குழாய்! பாட்டுச் சத்தத்தைக் கேட்டே, "இன்னார் வீட்டில் விசேஷம்" என்று அடுத்த ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். காதுகுத்து, சடங்கு, பங்குனிப் பொங்கல், தேர்தல் கூட்டம், விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகம் எல்லாவற்றுக்கும் மைக் செட் வேண்டும்.

மைக் செட்காரர் மாட்டு வண்டியில் வந்து இறங்குவார். சிறுவர் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்று அவர் சொல்லும்போது அவருக்கு இருந்த மதிப்பு மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது.

மைக் வருவதற்கு முன்னால் நாடக மேடையில் தொண்டைதான் மூலதனம். 1933-ல் காலமான எஸ்.ஜி.கிட்டப்பா கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடியவர். எல்லோருக்கும் அந்தத் தொண்டை வாய்க்குமா? மைக் செட் வந்த பிறகு மெல்லிய குரல்காரரும் ஊர் முழுவதுக்கும் பேச முடிந்தது.

1944-ல் பாபநாசம் மின்சாரம் வந்தது. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954-ம் ஆண்டு முதல் 1963-ம் ஆண்டு வரை முதல்-மந்திரியாக இருந்தபோது கிராமங்களுக்குக் கம்பி இழுத்தார்கள். கம்பி வராத ஊர்களில் கார் பாட்டரியை வைத்து மைக் செட்டை ஓட்டினார்கள். பாட்டரிக்கு ஏற்ற பெட்டியில் "வைப்ரேட்டர்" என்று ஒரு சாமான் இருக்கும். வண்டு போல் ரீங்காரம் செய்யும். பாட்டரியின் சின்ன மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்துப் பெரிய மின்சாரமாக மாற்ற உதவுவது அதன் வேலை.

கித்தார் என்ற கருவியைக் கிராமத்து ஜனங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டதும் இந்தக் குழாய் வழியாகத்தான். இளையராஜா சினிமா இசைக் குழுக்களில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1976-ல் அவருடைய முதல் படமான "அன்னக்கிளி" வந்தது. அதன் பாட்டுகளை மரத்துக்கு மரம் குழாய்கள் பாடின.

பிறகு பெட்டி ஸ்பீக்கர் வந்தது. குழாய் இறங்கியது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் சொன்னது. அது நியாயமான சட்டம்தான். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும், படுக்கையில் கிடந்த நோயாளிகளும் அந்தக் குழாயிடம் பட்ட பாட்டை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேசக் கூடாது!

கண்மாய்த் தண்ணீரும் வால்வும்

வால்வு என்பது என்ன? பார்ப்பதற்குக் கண்ணாடிக் குப்பி. உள்ளே காற்று கிடையாது. காற்றை உறிஞ்சி எடுத்து மூடியிருக்கிறார்கள்.

காரியாபட்டிக்காரர்களுக்கு அதைப் புரியவைப்பது சுலபம். கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. கீழே வயல் இருக்கிறது. நடுவில் மடை. மடைப் பலகையைக் கொஞ்சம் தூக்கினால் கொஞ்சம் தண்ணீர் வரும். நிறையத் தூக்கினால் நிறைய வரும். பலகையைத் தூக்க ஒரு ஆள் போதும். பாய்கிற தண்ணீரோ நூறு ஆள் பலத்தோடு பாயும்.

வால்வுக்குள்ளும் இதே கதைதான். நடுவில் ஒரு கம்பி சூடாகிச் செவ்வொளி வீசும். அந்தச் சூட்டில் மின் அணுக்கள் புறப்படும். அது கண்மாய். சுற்றிலும் இருக்கும் தகடு அவற்றை இழுக்கும். அது வயல். இடையில் ஒரு கம்பி வலை இருக்கும். அதுதான் மடைப் பலகை. மைக்கில் இருந்து வரும் சின்ன மின்சாரம் வலையை ஆட்டும். அதே ஆட்டம் பெரிய மின்சாரமாகத் தகட்டில் கிடைக்கும். மெல்லிய குரல் ஊரைக் கூட்டும் குரலாக மாறுகிற ரகசியம் இதுதான்.

1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் முதல் வால்வைச் செய்தார். அதில் மடைப் பலகை கிடையாது. 1906-ல் அமெரிக்காவில் டி பாரஸ்ட் அந்த வலையைச் சேர்த்தார். 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடு இல்லை, கண்ணாடி இல்லை, கனம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது வால்வைத் துரத்திவிட்டது.

கித்தார்காரர்களிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்கவில்லை! டிரான்சிஸ்டர் பெட்டியில் சத்தத்தை அளவுக்கு மேல் கூட்டினால் ஒலியின் உச்சி கத்தியால் சீவியது போல் வெட்டுப்படும். காது கூசும். வால்வில் உச்சி மழுங்கி உருண்டையாகும். அந்தக் கரகரப்பு கித்தாருக்குக் குரல் கொடுக்கிறது என்கிறார்கள் வாசிக்கிறவர்கள். மைக் செட்காரர் "சத்தம் உடையுது" என்று பயந்து குறைத்த இடத்தில் இருந்துதான் கித்தார்காரர் ஆரம்பிக்கிறார்!

அமெரிக்காவில் ஒரு மைக் செட்காரர்

வால்வு கித்தார் ஆம்ப்ளிபயர் என்றால் உலகம் முழுவதும் முதலில் சொல்லும் பெயர் லியோ பெண்டர். கலிபோர்னியாக்காரர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மைக் செட் செய்து வாடகைக்கும் விட்டார். நம் ஊர்க் கணக்கில் அவர் ஒரு சவுண்ட் சர்வீஸ் முதலாளி. அந்தத் தொழிலில் இருந்துதான் கித்தார் ஆம்ப்ளிபயருக்கு வந்தார்.

லண்டனில் ஜிம் மார்ஷல் இசைக் கருவிக் கடை வைத்திருந்தார். டிரம் வாசிக்கிறவர். பெண்டரின் "பாஸ்மன்" ஆம்ப்ளிபயரை மாதிரியாக வைத்து, 1962-ல் அவருடைய கடையில் ஒரு ஆம்ப்ளிபயரைச் செய்தார்கள். அதுதான் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற மார்ஷல். பீட்டில்ஸ் குழுவினர் வைத்திருந்த "வாக்ஸ்" ஆம்ப்ளிபயரில் இ.எல்.84 என்ற வால்வு நான்கு இருந்தது.

இந்த இ.எல்.84 வால்வு பெங்களூரிலும் தயாரானது! 1954-ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைச் செய்தது. இப்போது அங்கே அந்த வால்வுகள் தயாராவதில்லை. பழைய சரக்குக்கு வெளிநாட்டில் கிராக்கி இருக்கிறது.

அதனால்தான் மதுரைத் தம்பி காரியாபட்டிக்குப் பஸ் ஏறுகிறான். வெளிநாட்டு கித்தார் ஆம்ப்ளிபயர் வாங்க அவனிடம் பணம் இல்லை. பாட்டியின் பரண் மேல் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் படுத்திருக்கிறான்.

பெயர்ப் பலகையை நம்பலாமா?

முதலில் எல்லோரும் பார்ப்பது முகப்பில் உள்ள பெயர். அது கடைசியில் பார்க்க வேண்டியது! சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு லேபிளை நம்புகிறவர்கள் உண்டா? எந்தப் பெயரும் எந்தப் பெட்டியிலும் ஒட்டும்.

பெயர் உண்மையாக இருந்தாலும் ஏமாற இடம் உண்டு. "சிகாகோ ரேடியோ" என்று இருந்தால் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்தது என்று எண்ணிவிடுவார்கள். அது மோட்வானி குடும்பத்தார் நடத்திய இந்தியக் கம்பெனி. காந்தியடிகள், நேரு ஆகியோர் பேசும் பழைய படங்களில் மைக்கின் மேல் அந்தப் பெயரைப் பார்க்கலாம். "அகுஜா" என்றால் 1940-ல் டில்லியில் தொடங்கியது. இன்றும் அவர்கள் ஆம்ப்ளிபயர் விற்கிறார்கள். ஆகவே அகுஜா என்று இருந்தாலே வால்வுப் பெட்டி என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானவை டிரான்சிஸ்டர் பெட்டிகளே. டிரான்சிஸ்டர் பெட்டியை வால்வுப் பெட்டி என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

காற்றுத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிக் குப்பி தெரிந்தால் வால்வு. குப்பி இல்லாவிட்டாலும், வட்டமாகத் துளைகள் உள்ள காலிச் சாக்கெட் தெரிந்தால், யாரோ முன்னாலேயே வந்து வால்வைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பொருள். பழைய வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னொரு அடையாளம் சொல்வார். டிரான்சிஸ்டர் பெட்டி சுவிட்சைப் போட்டதும் பேசும். வால்வுப் பெட்டி சூடேறின பிறகுதான் வாய் திறக்கும்.

வயதைச் சொல்லும் சீட்டு

எந்த வருஷத்துப் பெட்டி? வால்வின் மேல் உள்ள எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. மாட்டு வண்டிக்கு லாடம் மாற்றுவது போல் மைக் செட்காரர் வால்வை மாற்றிக்கொண்டே இருந்திருப்பார். மாற்றாத சாமான்களைப் பார்க்க வேண்டும். சில கண்டென்சர்களில் வருஷம் அச்சடித்திருக்கும்.

அதைவிட நல்ல சாட்சி, பெட்டி வாங்கிய ரசீது. பாட்டியின் டிரங்குப் பெட்டியைக் கிளறினால் கிடைத்தாலும் கிடைக்கும். அதில் ரூபாய், அணா, பைசா என்று கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதிதான் நயா பைசா வந்தது. கம்பெனி முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது. காரியாபட்டிக்கு "ராமநாதபுரம் ஜில்லா" என்று போட்டிருந்தால் 1985-க்கு முந்தியதாக இருக்கும். "காமராஜர் மாவட்டம்" என்றால் 1985-க்கும் 1997-க்கும் இடைப்பட்ட காலம். பெட்டியின் பின்தகட்டில் அடித்திருக்கும் முகவரிக்கும் இந்தப் பின்கோடு கணக்கு பொருந்தும். ஆனால் கடைக்காரர்கள் பழைய ரசீதுப் புத்தகம் தீரும் வரை கிழிப்பார்கள். அந்த நாலைந்து வருஷத்தைத் தள்ளிக் கணக்குப் போட வேண்டும்.

வால்வுக்கும் ஜாதகம் உண்டு

வால்வின் பெயரே அதன் ஜாதகம். ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து சூடாக்கும் மின்சாரத்தைச் சொல்லும். "இ" என்றால் 6.3 வோல்ட். அடுத்த எழுத்து வேலையைச் சொல்லும். "எல்" என்றால் ஸ்பீக்கரை ஓட்டுகிற பலசாலி வால்வு. "சி.சி." என்றால் ஒரே குப்பிக்குள் இரட்டை வால்வு. மைக்கில் இருந்து வரும் சின்ன ஒலியை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். "இஸட்" என்றால் வீட்டு மின்சாரத்தை ஒரு வழிப் பாதையாக்கும் வால்வு.

ஆகவே இ.சி.சி.83, இ.எல்.34, இ.எல்.84 என்ற எழுத்துகளைக் கண்டால் கித்தார்காரரின் கண் மின்னும். அமெரிக்கப் பெயர் வேறு. இ.சி.சி.83-ஐ அங்கே 12 ஏ.எக்ஸ்.7 என்பார்கள். இ.எல்.84 அங்கே 6 பி.க்யூ.5. 1936-ல் வந்த 6 எல் 6 என்ற வால்வு மைக் செட்டிலும் உழைத்தது, கித்தார் பெட்டியிலும் உழைத்தது. தலையில் தொப்பி போல் ஒரு முனை உள்ள 807 வால்வையும் பெரிய மைக் செட்டுகளில் பார்க்கலாம். அந்தத் தொப்பியில் பல நூறு வோல்ட் மின்சாரம் ஓடும். தொட்டால் தொலைந்தோம்!

வால்வு உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் ஓரளவு சொல்லலாம். குப்பியின் உச்சியிலோ பக்கவாட்டிலோ உள்ளே வெள்ளிக் கண்ணாடி போல் பளபளப்பு இருக்கும். அது பேரியம் பூச்சு. மிச்சம் மீதி காற்றை விழுங்குவதற்காகப் பூசியது. அந்தப் பளபளப்பு பால் போல் வெளுத்துவிட்டால் குப்பிக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வால்வு அலமாரி அழகுக்கு மட்டுமே ஆகும்.

அந்தப் பளபளப்பைப் பற்றி இன்னொரு பைத்தியக்காரக் கதையும் உலவுகிறது. பழைய ரேடியோவிலும் டெலிவிஷனிலும் "சிவப்பு மெர்க்குரி" இருக்கிறதாம், அது கோடிக்கணக்கில் விலை போகுமாம்! 2009-ல் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர் தையல் மிஷின்களுக்குள் அது இருப்பதாக வதந்தி பரவி, ஜனங்கள் மிஷின்களை விழுந்து விழுந்து வாங்கினார்கள். ஒன்றும் இல்லை. நம் ஊர் "ரைஸ் புல்லிங்" மோசடிக்கு அது அண்ணன். இந்தப் பேச்சை நம்பி நல்ல வால்வை உடைத்தால் கிடைப்பது கண்ணாடித் துண்டும் கையில் காயமும்தான். யாராவது முன்பணம் கேட்டு அப்படிப் பேசினால் போலீசில் சொல்லுங்கள்.

உயிர் எங்கே இருக்கிறது?

வால்வு போனால் வாங்கலாம். ரஷ்யாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் போனால்தான் கஷ்டம். பெட்டியின் கனத்துக்கும் விலைக்கும் காரணம் அதுதான்.

உள்ளே பெரும்பாலும் இரண்டு பெரிய டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும். ஒன்று கரண்ட் எடுப்பது. மற்றொன்று ஸ்பீக்கருக்குக் கொடுப்பது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கருகிய நாற்றம் வந்தால் சந்தேகப்படுங்கள். தார் உருகி வழிந்திருந்தால் அதிகச் சூடு கண்டது. மெக்கானிக்கிடம் மீட்டர் இருக்கும். அவர் வைத்துப் பார்த்து, சுற்று அறுந்திருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அறுந்திருந்தால் காயில் கட்டுகிறவரிடம் போக வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற எல்லோருக்கும் இது வராது. இதில் சுற்றுகளை அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சுற்ற வேண்டும்.

பின்பக்கம் ஸ்பீக்கர் மாட்டும் திருகாணிகள் இருக்கும். 4, 8, 16 என்று எண்கள் இருக்கும். 100 வோல்ட் என்றும் ஒன்று இருக்கும். தெருக்கோடி வரை வயரை இழுத்துக் குழாய் கட்டுவதற்கு அந்த 100 வோல்ட். கித்தார் ஸ்பீக்கரை அதில் மாட்டக் கூடாது. எண் பொருந்துகிற இடத்தில்தான் மாட்ட வேண்டும். அமெரிக்கப் பெட்டியாக இருந்தால் 110 வோல்ட்டுக்குச் செய்ததா என்றும் பார்க்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் பாட்டு!

சுவிட்சைப் போடாதே!

வாங்குகிறவர்கள் செய்கிற பெரிய பிழை ஒன்று உண்டு. "ஓடுதா என்று பார்ப்போம்" என்று உடனே பிளக்கைச் சொருகிவிடுவார்கள். வேண்டவே வேண்டாம்.

இருபது முப்பது வருஷம் சும்மா கிடந்த பெட்டியில் பெரிய கண்டென்சர்கள் காய்ந்து போயிருக்கும். திடீரென்று கரண்ட் கொடுத்தால் வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் நல்ல டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும். பெட்டி பிழைத்திருக்கும். பார்த்தவரின் அவசரம் அதைக் கொன்றுவிடும்.

ஆபத்து பெட்டிக்கு மட்டும் அல்ல. உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைப் பத்திரமாக வடித்துவிட மெக்கானிக்குக்குத் தெரியும். மற்றவர்கள் உள்ளே கை விடக் கூடாது. பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டியோடு போகக் கூடாது என்று இந்த மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இதுவும் அப்படித்தான்.

மெக்கானிக் என்ன செய்வார்? பழைய கண்டென்சர்களை மாற்றுவார். இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு மூன்று பின் வயர் போட்டு, தகரப் பெட்டியை எர்த்தில் சேர்ப்பார். சரியான ஸ்பீக்கரை மாட்டுவார். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வுப் பெட்டியைப் பேசவிட்டால் டிரான்ஸ்பார்மர் போய்விடும். பிறகு ஒரு குண்டு பல்பை வரிசையில் சேர்த்துக் கரண்ட் கொடுப்பார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். கோளாறு இல்லாவிட்டால் ஒரு தடவை மின்னிவிட்டு மங்கும்.

இந்தச் செலவையும் கூட்டித்தான் வாங்குகிறவர் விலை பேச வேண்டும். விற்கிற குடும்பமும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடாத பெட்டிக்கு ஓடுகிற பெட்டியின் விலையைக் கேட்பது நியாயம் ஆகாது. ஆனால் டிரான்ஸ்பார்மர்கள் நன்றாக இருக்கின்றன, வால்வுகள் இருக்கின்றன என்று தெரிந்த பிறகும் எடைக் கணக்கில் கொடு என்று ஒரு மூதாட்டியிடம் பேரம் பேசுவது எந்த ஊர் நியாயம்?

உருமாற்றலாமா?

மைக் செட் ஆம்ப்ளிபயரைக் கித்தாருக்கு ஏற்றபடி மாற்றலாமா? இதில் இரண்டு கட்சி இருக்கிறது.

"ஒரு கம்பியையும் தொடக் கூடாது" என்பார்கள் சேகரிப்பாளர்கள். அது அதிகப்படி. கண்டென்சரை மாற்றினால் பெட்டியின் மானம் போய்விடாது. அச்சாணியை மாற்றினால் வண்டி வேறு வண்டி ஆகிவிடுமா?

"எல்லாவற்றையும் பிடுங்கு, புதுச் சுற்று போடு" என்பார்கள் சில கித்தார்காரர்கள். இது அதைவிட மோசம். முழுசாக இருக்கும் பெட்டியை, மைக்குக்கும் ரிக்கார்டுக்கும் தனித்தனித் திருகு உள்ள பெட்டியை, இன்னொரு மார்ஷல் ஆக்குவதற்காக அறுக்க வேண்டியதில்லை. அதன் மைக் வாயில் கித்தாரைச் சொருகி முதலில் கேட்டுப் பார்க்கட்டும். பொருந்தாவிட்டால் அந்த ஒரு வாயை மட்டும் மெக்கானிக் சரி செய்வார். வால்வும் இல்லை, பாதிச் சாமானும் இல்லை என்று கூடாகக் கிடக்கும் பெட்டியை மாற்றினால் யாரும் வருந்த மாட்டார்கள். எதைச் செய்தாலும் முகப்புத் தகட்டில் புதுத் துளை போடக் கூடாது. கழற்றிய சாமானை ஒரு பையில் கட்டி வைக்க வேண்டும்.

வால்வுப் பெட்டியைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ மதுரையிலோ அப்படி ஒரு அண்ணாச்சி இருந்தால், கித்தார்த் தம்பிகள் பெட்டியைத் தேடுவதற்கு முன் அவரைத் தேட வேண்டும். அவர் பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தக் கம்பியை எந்த விரலால் தொடக் கூடாது என்பதை அவர் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அவருக்குக் கூலியையும் குறைக்காமல் கொடுக்க வேண்டும். பெட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் கஞ்சத்தனம் பிடிக்கிறவர்கள் அதிகம்.

பெட்டியின் மேல் எனாமல் பெயிண்டில் சவுண்ட் சர்வீஸ் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதியிருக்கும். சிலதில் மூன்று இலக்க டெலிபோன் நம்பர்கூட இருக்கும். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதைச் சுரண்டிவிட்டுப் பாலிஷ் போடுகிறார்கள். அதைச் சுரண்ட வேண்டாம். அந்த எழுத்தை எழுதிய நாளில் ஒரு குடும்பம் கடன் வாங்கித் தொழில் தொடங்கியிருக்கும்.

ரிப்பேர் முடிந்ததும் தம்பி ஒரு நாள் ஆச்சிக்குப் போன் போட்டு, பெட்டி பாடுவதைக் கேட்கச் செய்யட்டும். எந்தப் பாட்டை முதலில் போடுவது என்று அவளையே கேட்கலாம். இரவு பத்து மணிக்குள் போட்டால் சரி.